மடிக் கடலை

சொத்தைக் கடலையின் கசப்பு நாக்கு நுனியில் தெரியாது. மென்று விழுங்கப் போகிற நேரத்தில்தான் அடிநாக்கில் வந்து உட்காரும். உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்து போகாது. பூமாரிக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே அந்தக் கசப்பு பழகிப்போயிருந்தது.

அவள் அம்மா ஆறுமுகத்தாய், சங்கரன்கோவில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்த கடலை மில்லில் பருப்பு பொறுக்குகிறவள். பனவடலிசத்திரம் பக்கத்துச் செவக்காடுகளிலிருந்து நிலக்கடலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எந்திரத்தில் உடைப்பதற்கு முந்தின சாயங்காலம் அம்பாரத்தின் மேல் குடங்குடமாகத் தண்ணீர் தெளிப்பார்கள். மேல்தோடு நனைந்தால் பருப்பு பிளக்காமல் முழுசாக விழும். எடையும் கொஞ்சம் கூடும். நனைந்த கடலை இரவெல்லாம் குவியலுக்குள் கிடந்து புழுங்கும். மறுநாள் உடைத்த பருப்பைக் கொட்டகையில் கொட்டியதும் பெண்கள் ஆளுக்கொரு புடைக்கிற சொளகோடு வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். முழுப் பருப்பைத் தனியாகத் தள்ளுவார்கள். அது தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறும். உடைசல் செக்குக்குப் போகும். சுருங்கியது, கறுத்தது, பச்சையாய்ப் பூசணம் பூத்தது எல்லாம் காலடியில் விழும். அதுதான் சொத்தை.

சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒவ்வொருத்தியும் ஒரு சொளகு சொத்தையை முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டு போகலாம். மடிக் கடலை என்று அதற்குப் பெயர். எப்போது வந்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. கூலி காணாது என்று யாராவது முனகினால், "மடிக் கடலை கொடுக்கோம்லா, அது எந்த மில்லுல கொடுக்கான்?" என்று முதலாளி சங்கரசுப்பு சிரித்துக்கொண்டே கேட்பார். முனகினவளும் சிரித்துவிடுவாள்.

வீட்டுக்கு வந்த சொத்தையை ஆறுமுகத்தாய் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசுவாள். வெயிலில் காயவைத்து, ஆற்று மணலில் போட்டு, தோல் கருகும் மட்டும் வறுப்பாள். பிறகு மிளகாய் வத்தலும் பூண்டும் வைத்து உரலில் இடித்தால் முக்கால்வாசிக் கசப்பு போய்விடும். மிச்சக் கசப்பைப் பூண்டு மறைத்துவிடும். அந்தப் பொடிதான் கஞ்சிக்கும் களிக்கும் சோற்றுக்கும் துணை. பூமாரியின் அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே பாம்பு கடித்துச் செத்துப்போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பருப்பு என்றால் அது சொத்தைப் பருப்புதான்.

பொடியைத் தின்றுகொண்டே பூமாரி கேள்வி கேட்பாள். வறுத்தால் ஏன் மணக்கிறது? பாலில் ஒரு சொட்டு மோர் விட்டால் ஏன் எல்லாமே தயிராகிறது? கசப்பு எங்கேயிருந்து வருகிறது?

"வாயிலருந்து வருது. மூடிட்டுத் தின்னு" என்பாள் ஆறுமுகத்தாய்.

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. வேதியியல் படித்தபோதும் அந்தப் பொடி ஒரு தகர டப்பாவில் அவளோடு போனது. விடுதித் தோழிகள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டு வாங்கித் தின்றார்கள். படிப்பு முடிந்தது. பிறகு என்ன செய்வதென்று சொல்ல ஆளில்லை. டீச்சர் வேலைக்கு இன்னொரு படிப்பு வேண்டும். பேங்க் பரீட்சை ஒன்று எழுதினாள், வரவில்லை. தெருவில் போகிற பெண்கள், "படிச்சு முடிச்சாச்சா? பொறவு?" என்று கேட்பார்கள். அந்தப் 'பொறவு'க்குப் பயந்தே அவள் தண்ணீருக்கும் நேரம் பார்த்துத்தான் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் மில்லுக்கு ஒரு சங்கடம் வந்தது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போன பருப்பில் பூசண விஷம் இருப்பதாகச் சொல்லி வெளிநாட்டில் ஒரு சரக்கைத் திருப்பி விட்டார்கள். இனிமேல் சோதித்துப் பார்த்த பருப்பைத்தான் எடுப்போம் என்று தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். சங்கரசுப்பு தராசுக்குப் பின்னால் சாக்கு அடுக்கியிருந்த அறையைக் காலிசெய்து, சன்னலில் கறுப்புத் தாள் ஒட்டினார். சோதிக்க ஆள் வேண்டும். வெளியூர் ஆள் என்றால் சம்பளம் நிறையக் கேட்பான்.

"ஆறுமுகத்தாயி, உம் மவ என்னமோ கெமிஸ்ட்ரி படிச்சிருக்காளாமே?"

பூமாரி முதல் நாள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கொட்டகையைக் கடந்தபோது சொளகுகள் எல்லாம் நின்றுவிட்டன. ஆறுமுகத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைமூனம்மாளுக்குத்தான் முதலில் வாய் திறந்தது. மில்லில் அவள் வாய்க்கு முதலாளியே ஒதுங்கிப் போவார்.

"ஏளா ஆறுமுகத்தாயி, உம் மவ கோட்டு மாட்டிக்கிட்டு வாராளே, ஊசி கீசி போட்டுருவாளா?"

"ஒனக்கு மட்டும் வாயில போடச் சொல்லுதேன். அப்பமாவது அடங்குதான்னு பாப்போம்."

கொட்டகையே சிரித்தது. ஆறுமுகத்தாய் தலையைக் குனிந்து பருப்பைப் புடைத்தாள். அன்றைக்கு அவள் சொளகில் சொத்தையும் முழுசும் கலந்தே விழுந்தன.

சோதனையைக் காட்டிக்கொடுக்கத் தூத்துக்குடியிலிருந்து ஞானதுரை என்ற இளைஞர் வந்தார். எதையும் நடந்துகொண்டே பேசுகிறவர். பருப்பை அரைத்து, மருந்துத் திரவத்தில் குலுக்கி, வடிகட்டி, மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்த வெந்நீர்ச் சட்டியின் மேல் வற்றவைக்க வேண்டும். மிஞ்சியதை மயிர் போன்ற கண்ணாடிக் குழாயால் தொட்டு, வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடித் தகட்டில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். தகட்டை மூடிய சாடிக்குள் நிறுத்தினால் அடியிலிருக்கும் திரவம் மெல்ல மேலேறும். பொட்டையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு இருட்டுப் பெட்டிக்குள் ஊதா விளக்கின் கீழே பார்க்க வேண்டும். விஷம் இருந்தால் பொட்டு நீலமாக மின்னும். இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது.

பூமாரி முதன்முதலாக அந்த நீலத்தைப் பார்த்தபோது பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்லூரியில் அவள் கலக்கிய திரவங்கள் எதற்கும் வீட்டு அடுப்பங்கரையோடு சம்பந்தம் இருந்ததில்லை. இங்கே கடலை பேசுகிறது. சின்ன வயதிலிருந்து அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எங்கேயோ பதில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இதுக்குன்னு படிப்பு இருக்கா சார்?"

"இருக்கே. ஆனா இந்த லைனுக்கு யாரும் நேரா வந்ததில்லங்க" என்றார் ஞானதுரை. "நான் மீன் கம்பெனியில ஐஸ் அளந்துக்கிட்டிருந்தவன். எங்க லேப்ல ஒருத்தரு பால் பண்ணையில கொழுப்பு பாத்துக்கிட்டிருந்து வந்தாரு. ஒரு அம்மா ஹோம் சயின்ஸ் படிச்சிட்டு ஜாம் கம்பெனி வழியா வந்தாவ. எல்லாம் சந்து வழியா நொழஞ்சவங்கதான். வாசல் வழியா போணும்னா மைசூருக்குப் போங்க. அங்க சாப்பாட்டு விஞ்ஞானத்துக்குன்னே படிப்பு இருக்கு. ஒங்க பி.எஸ்ஸி. போதும். லேப்ல வேல பாத்தாங்கன்னு மொதலாளி ஒரு கடுதாசி கொடுத்தா ஒங்க பேரு மேல வரும்."

அவர் ஊருக்குப் போய்விட்டார். மைசூர் என்ற சொல் பூமாரியிடம் தங்கிவிட்டது. பொட்டு வைக்கும்போதும் மைசூர். தகடு கழுவும்போதும் மைசூர். ஆறுமுகத்தாய்க்கு மைசூர் என்றால் பாகுதான் தெரியும். "அங்கன போயி அதக் கிண்டவா படிக்கப் போற?" என்று கேலி செய்தாலும், போகட்டும் என்றே நினைத்தாள். அவள் அறிந்த ஒரே வேலைக்கு மகள் வந்து உட்காரவில்லை; அது போதும் அவளுக்கு.

கப்பலுக்குப் போகும் பருப்பைத்தான் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் நன்றாகப் பொறுக்கிய பருப்பில் தகடு பெரும்பாலும் இருட்டாகவே இருந்தது. முதலாளிக்கு அதில் திருப்தி. ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்தது. அந்த விஷம் பிறகு எங்கே போகிறது என்று பூமாரிக்குத் தோன்றியது. கொட்டகையில் அம்மாவின் காலடியில் கிடந்த சொத்தையில் ஒரு கை அள்ளி வந்து அரைத்தாள். விளக்கின் கீழே தகடு நீலமாக எரிந்தது. ஞானதுரை ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்திருந்த மாதிரிப் பொட்டு அதன் பக்கத்தில் மங்கிப்போய்க் கிடந்தது.

அவள் உடனே பயப்படவில்லை. உப்பில் அலசுகிறோம், மணலில் வறுக்கிறோம் என்று அவளும் நினைத்தாள். மறுநாள் மத்தியானச் சோற்றுத் தூக்கிலிருந்து ஒரு கரண்டிப் பொடியை எடுத்துச் சோதித்தாள். சாடிக்குள் திரவம் ஏறி முடிக்கும் வரை தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு தகட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணைப் பொருத்தினாள்.

நீலம். வத்தலும் பூண்டும் சேர்த்து இடித்த நீலம்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆறுமுகத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இனிமே சொத்தைய வீட்டுக்குக் கொண்டாராத."

"ஏம், ஒன் லைட்டுல பூதம் தெரியுதோ?"

"வெளாடாதம்மா. அதுல விசம் இருக்கு. ஈரல்ல போயி உக்காந்துக்கிடும்னு ஞானதுரை சார் சொன்னாரு."

"கசப்பத்தான் உப்புத் தண்ணியில போக்கிருதோம்லா? கசப்பு போனா எல்லாம் போச்சு."

"கசப்பு போயிரும், அது போவாது. வறுத்ததயும் பாத்துட்டேன். நம்ம வீட்டுப் பொடியத்தான் பாத்தேன்."

ஆறுமுகத்தாய் அரிசிச் சட்டியைக் கீழே வைத்தாள். கோபப்படப் போகிறாள் என்று பூமாரி நினைத்தாள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"இதத் தின்னுதானட்டி நீ படிச்ச?"

பூமாரி அரிசிச் சட்டியைத் தூக்கி அடுப்போரம் வைத்தாள்.

"விசம்னா நீயில்லா மொதல்ல செத்திருக்கணும்?" என்று சொல்லிவிட்டு ஆறுமுகத்தாய் பதறிப்போனாள். தன் வாயிலேயே அடித்துக்கொண்டு வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

அம்மாவைத் தடுக்க முடியாவிட்டால் சொத்தையைத் தடுத்துவிடலாம் என்று பூமாரி நினைத்தாள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். கொட்டகையில் போய் உட்கார்ந்து அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு அந்தப் பெட்டிக்குள் பார்க்கச் சொல்லியிருக்கலாம். படித்தவள் செய்கிறதைத்தான் செய்தாள். நேரே முதலாளியிடம் போனாள்.

சங்கரசுப்பு கெட்டவர் இல்லை. ஆடித்தபசுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர். அவள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்.

"அடப்பாவமே! நல்லவேள சொன்ன தாயி. என்ன செய்யணும்?"

"யாருக்கும் கொடுக்கக் கூடாது அண்ணாச்சி. எரிச்சிரணும்."

"சூளைக்கு அனுப்பிச்சிருவோம். செங்கலு வேகட்டும்."

அந்தச் சனிக்கிழமை கூலி கொடுத்ததும் கணக்கப்பிள்ளை சொத்தைக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டார். "இனிமே மடிக் கடலை கிடையாது. லேப்காரம்மா உத்தரவு" என்றார்.

பெண்கள் முந்தானையை விரித்தபடியே நின்றார்கள். கூலியைக் கூட்டித் தரட்டுமே என்று யாரோ கேட்டதும் கணக்கப்பிள்ளை கூலி நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மைமூனம்மாள் சோதனை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கோட்டு மாட்டுனதும் எங்க மடியிலயே கைய வச்சிட்டியேளா! ஒங்கம்மா மடியில வாங்கித் தின்னுதான ஒனக்கு இந்தக் கோட்டு வந்துச்சு?"

"சித்தி, அதுல விசம் இருக்கு. இங்க வந்து பாருங்க..."

"எங்கம்மா தின்னா. நான் தின்னுதேன். எட்டுப் பிள்ள பெத்தேன். நீ லைட்ட வச்சுக் காட்டி என்னப் பயங்காட்டுத?"

அவள் பார்க்காமலே போய்விட்டாள். திங்கட்கிழமை ஆறுமுகத்தாய் வரிசையில் தன் பழைய இடத்தை விட்டுக் கடைசிக்குப் போய் உட்கார்ந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை, அவளேதான் போனாள். கொட்டகையில் பேச்சு நடக்கும், அது அவள் வரைக்கும் வராது. சொத்தை மூட்டைகளை மாட்டுவண்டி ஏற்றிக்கொண்டு போனது. சூளைக்குத்தானே என்று பூமாரி விசாரிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஆறுமுகத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. வயிறு வலது பக்கம் கனக்கிறது என்றாள். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள். ராயகிரிக்குப் போய் மந்திரித்துப் பார்வை பார்த்துவிட்டு வந்தாள். வயிறு வீங்கி, கை கால் குச்சியான பிறகுதான் பூமாரி அவளைப் பஸ்ஸில் ஏற்றிப் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போன அதே பஸ்.

டாக்டர் விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். "ஈரல் கல்லு மாதிரி இருக்கு. கட்டி. பழக்கம் ஏதும் உண்டா? கள்ளு, சாராயம்?"

"இல்ல சார்." பூமாரி கடலையைப் பற்றிச் சொன்னாள். தகட்டைப் பற்றிச் சொன்னாள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். பழைய காமாலை உள்ளேயே தங்கியிருந்தாலும் இப்படி வரும். இவங்க ஈரலை வச்சு நீ ஒண்ணையும் நிரூபிக்க முடியாது." கையைக் கழுவிக்கொண்டே, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. பிடிச்சதைக் கொடு" என்றார்.

பிடித்ததைக் கொடுக்கலாம் என்று பூமாரி வீட்டில் அரிசிப் பானையை நகர்த்தினாள். பின்னால் ஒரு டப்பா இருந்தது. திறந்ததும் பூண்டு மணத்தது. புதிதாய் இடித்த பொடி. மில் தரையைப் பெருக்கித் தள்ளும் குப்பையிலிருந்து அம்மா பொறுக்கியெடுத்து இடித்திருக்கிறாள். பூமாரியின் சம்பளத்தில் வாங்கிய துவரம்பருப்பு மகளுக்கு, இது அவளுக்கு. மாதக்கணக்காய் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரே அடுப்பில் இரண்டு சமையல் நடந்தது, சாப்பாட்டு விஞ்ஞானம் படிக்கப் போகிறவளுக்குத் தெரியவில்லை.

டப்பாவோடு அவள் நிற்பதைப் படுக்கையிலிருந்து ஆறுமுகத்தாய் பார்த்தாள்.

"நாக்கு கேக்குது மக்கா. என்ன செய்ய?" என்றாள்.

தை பிறப்பதற்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள்.

மில் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஒப்பாரி வைத்தார்கள், பூமாரியைக் கட்டிக்கொண்டு மட்டும் யாரும் அழவில்லை. காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் மைமூனம்மாள் தனியாக வந்தாள். இடுப்பில் பேத்தி ரசீதா.

"அந்தக் குப்பையில பெறக்குததுக்கு நாந்தான் துணைக்கு நின்னேன்" என்றாள். "அவ கேட்டா. மாட்டேன்னு சொல்ல வாய் வரல. எனக்கே வாய் வரலன்னா பாத்துக்கிடு."

குழந்தை கையிலிருந்த கடலை மிட்டாயைக் கடிக்க முடியாமல் சப்பிக்கொண்டிருந்தது. எச்சில் வழிந்த வெல்லத்துக்கு அடியில் ஒரு பருப்பு தெரிந்தது. முழுசாக இல்லை, சுருங்கி, ஓரம் கறுத்திருந்தது. பூமாரி எழுந்து போய்க் குழந்தையின் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். குழந்தை வீரிட்டது.

"ஏளா, என்ன செய்யுத?"

பூமாரி ஒரு துண்டைக் கடித்து மென்றாள். முதலில் இனிப்பு. ஏலக்காய். பிறகு, விழுங்கப் போகும்போது, அடிநாக்கில் அது வந்து உட்கார்ந்தது.

"இத எங்க வாங்குனீங்க?"

"பஜார்ல புதுசா போடுதான். மலிவா இருக்குன்னு தெருவே வாங்குது." மைமூனம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பருப்பு பொறுக்கிப் பொறுக்கித் தேய்ந்த விரலால் மிட்டாயைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கு தேவைப்படவில்லை. "நம்ம சொத்தை" என்றாள். குரல் எழும்பவே இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பூமாரி மிட்டாயைச் சோதித்தாள். நீலம். தகடு காய்வதற்குள் முதலாளியின் அறைக்குப் போனாள். மேசை மேல் ஒரு கடிதம் தட்டெழுத்தில் தயாராக இருந்தது. மைசூருக்கான பரிந்துரைக் கடிதம். அவள் கேட்டு நாளாகியிருந்தது. அம்மா செத்த வீட்டுக்குச் செய்கிற உதவியாக அவராகவே எழுதச் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போடத்தான் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சொத்தை சூளைக்குப் போகல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. "சூளக்காரன் வேண்டாம்னுட்டான். இவன் நல்ல விலைக்குக் கேட்டான். வெல்லப் பாகுல கொதிச்ச பொறவு என்னம்மா விசம் நிக்கும்?"

"நிக்குது. இப்பம்தான் பாத்தேன்."

"கப்பக்காரன் வயிறு பஞ்சு வயிறு தாயி. நம்ம ஊரு வயிறு செக்கு. தலமொறையா திங்கோம்." அவர் குரல் இரக்கமாகவே இருந்தது. "மைசூருக்குப் போகப் போற பிள்ள. அங்கன போயி நல்லாப் படி. படிச்சிட்டு வந்து சொல்லு, கேட்டுக்கிடுதேன். இப்பம் மனசு சரியில்லாம இருக்க. போ, ஒரு காப்பி குடி. கையெழுத்துப் போட்டு வைக்கேன்."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

பூமாரி வெளியே வந்தாள். கொட்டகைக்குப் பின்னால் மாட்டுவண்டி வந்து நின்றிருந்தது. சொத்தை மூட்டைகள் வாய் தைக்காமல் வரிசையாக இருந்தன. கொட்டகையில் பெண்கள் புடைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. யாரும் இன்னும் அதில் நகர்ந்து உட்காரவில்லை. அவள் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைசூரைப் பற்றியும் நினைத்தாள். படித்துவிட்டு வந்து சொல்லலாம்தான். அதுவரை இந்த வண்டி வாரம் தவறாமல் போகும். ரசீதாவுக்கு எல்லாப் பல்லும் முளைத்திருக்கும்.

அவள் அறைக்குள் போய் அடுப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் மூட்டையின் வாயை விலக்கி ஊற்றினாள். பட்டப்பகல். அவள் ஒளிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. வாடை கொட்டகையெங்கும் பரவியதும் சொளகுகள் நின்றன.

"ஐயோ, திங்குத பொருள்ல ஊத்துதாளே, பாவி!" என்று ஒருத்தி தலையில் கை வைத்தாள்.

மைமூனம்மாள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். பூமாரியின் கையைப் பிடிக்கத்தான் வருகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் வந்து அடுத்த மூட்டையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"மேலாப்புல ஊத்தாதளா. உள்ள எறங்கட்டும். இதயும் விட்டிராத."

கடைசி மூட்டைக்கு எண்ணெய் போதவில்லை. மைமூனம்மாள் வண்டி மாட்டின் சாணத்தை அள்ளிக்கொண்டு வந்து அதில் பிசைந்தாள். வேறு யாரும் எழுந்து வரவில்லை. தடுக்கவும் வரவில்லை.

சங்கரசுப்பு சத்தம் போடவில்லை. மூட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "சாவிய வச்சிட்டுப் போம்மா" என்றார். மேசை மேலிருந்த கடிதத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மைமூனம்மாளையும் வீட்டுக்கு அனுப்பினார். கப்பல் சரக்குக்குக் கை குறைந்ததும் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். சோதனை அறைக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் கப்பல் பருப்பை மட்டும் சோதித்தான்.

பூமாரி கடிதம் இல்லாமலே மைசூருக்கு விண்ணப்பம் போட்டாள். பதில் வரவில்லை. அடுத்த வருஷமும் போட்டாள். ஞானதுரை சொன்ன சந்துகளையும் முட்டிப் பார்த்தாள். பால் பண்ணையில் ஆள் எடுக்கவில்லை. தூத்துக்குடியில் அவள் பேருக்கு முன்னாலேயே கதை போய்ச் சேர்ந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றின பெண்ணா என்று கேட்டார்கள். மில்லுக்கு எதிராகப் பேசுகிறவளை லேபில் வைக்க யாருக்குத்தான் தைரியம் வரும்?

எண்பத்திரண்டில் ஊர் ஊருக்குச் சத்துணவுக் கூடம் திறந்தார்கள். கரிவலம்வந்தநல்லூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அவளுக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அதற்குப் பத்தாம் வகுப்பு போதும். அவள் தினமும் முதல் பஸ்ஸில் போனாள். மூட்டை பிரித்ததும் சாம்பாருக்கு வந்த பருப்பை அப்படியே உலையில் போட விடமாட்டாள். பள்ளிக்கூட வாசலில் சாக்கை விரித்து, வெயில் படக் கொட்டி, சொளகு எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சமையல் வேலை பார்த்த பார்வதியம்மாளுக்கு அது பிடிக்காது. உலை கொதித்து வற்றும்.

"பி.எஸ்ஸி. படிச்சது பருப்பு பெறக்கதுக்காங்கேன்?"

"ஆமாக்கா. எங்கம்மா கப்பலுக்குப் பெறக்குனா. இது இங்கன திங்குததுக்கு."

பொறுக்கியதை அவள் யாருக்கும் கொடுப்பதில்லை. ஆடு மாட்டுக்குக்கூட இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழி தோண்டி, மண்ணெண்ணெய் தெளித்து மூடினாள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது விநோதமாக இருந்தது. அவள் காரணம் சொன்னாள். ஒவ்வொரு தாயையும் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள். காட்ட அவளிடம் விளக்கு இல்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எதிர்க் கடைக்கு ஓடும். அங்கே மரப்பலகையில் ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த கடலை மிட்டாய், மலிவானது. மில்லில் அன்றைக்கு அவள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கெடுத்தது ஒரு வண்டிச் சொத்தையைத்தான். மறுவாரமே வேறு வண்டி போயிருக்கும். பூமாரி சொளகை மடியில் வைத்தபடி அந்தப் புட்டி காலியாவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் எழுந்து போய், இருப்பதையெல்லாம் அவளே வாங்கிவிடுவாள். நன்றாக விற்கிறதென்று மறுநாள் கடைக்காரர் கூடுதலாக வாங்கி வைப்பார்.